பன்னிரண்டால் வகுங்கள்: ஆக்‌ஷன் ஃபிகர் படங்களில் ஒளியும் கேமராவும்

சில ஆக்‌ஷன் ஃபிகர் (மூட்டுகள் அசையும் பாத்திர பொம்மை) படங்களில் ஆளே வந்து நின்றதுபோல இருக்கும். மற்றவை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் மேசைமேல் வைத்த பொம்மையாகத்தான் தெரியும். சிற்ப வேலையையோ பெயின்ட்டையோ குறை சொல்வதில் பயனில்லை. ஒரே ஃபிகரை வைத்து இரண்டு விதமாகவும் எடுக்கலாம். சிக்கல் அளவில் இருக்கிறது. ஃபிகர் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி நிற்கிறது. அதன் எதிரே இருக்கும் லென்ஸும் விளக்கும் சுருங்கவில்லை. ஃபிகரின் உலகத்தில் அந்த லென்ஸ் ஒரு பீரங்கி வாய் அளவு, அந்த விளக்கு ஒரு வீட்டுச் சுவர் அளவு. பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே எந்த அமைப்பை முடிவு செய்யும்போதும் ஒரே கேள்வி போதும்: நிஜ மனிதரைப் படமெடுத்தால் இது எவ்வளவு இருக்கும்? வந்த விடையைப் பன்னிரண்டால் வகுங்கள். சுமார் 15 செ.மீ உயரமுள்ள 1/12 ஃபிகருக்கு இது பொருந்தும். 30 செ.மீ உயரமுள்ள 1/6 ஃபிகராக இருந்தால் ஆறால் வகுக்கவேண்டும், 10 செ.மீ உயரமுள்ள 1/18 என்றால் பதினெட்டால். கீழே வரும் எண்கள் எல்லாம் 1/12 ஃபிகருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கும் (36 × 24 மி.மீ சென்சார் உள்ளது) போட்டவை.

லென்ஸும் அப்பர்ச்சரும்

முதலில் தூரம். நிஜ மனிதரை முழு உருவமாக எடுக்க மூன்று மீட்டர் தள்ளி நிற்போம். பன்னிரண்டால் வகுத்தால் 25 செ.மீ. அந்தத் தூரத்திலிருந்து 15 செ.மீ ஃபிகர் ஃபிரேமின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பவேண்டும் என்றால் 24 மி.மீ லென்ஸ் தேவை. 50 மி.மீ லென்ஸில் அதே ஃபிரேமுக்கு அரை மீட்டருக்கு மேல் பின்வாங்கவேண்டும். அது நிஜ அளவில் ஆறு மீட்டர். மிக அருகிலிருந்து எடுக்க உதவும் 100 மி.மீ மேக்ரோ லென்ஸ் என்றால் பன்னிரண்டு மீட்டர். மேக்ரோவில் எடுத்த முழு உருவப் படங்கள் தட்டையாக, விற்பனைப் பட்டியல் படம்போல இருப்பதற்கு இந்தத் தூரம்தான் முக்கியக் காரணம். மேக்ரோ லென்ஸை முகத்துக்கும் மார்பளவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முழு உருவத்துக்கு என் தேர்வு 24-இலிருந்து 35 மி.மீ வரை. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 16-இலிருந்து 23 மி.மீ.

லென்ஸ் வாங்குமுன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பாருங்கள். அது சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து அல்ல. 25 செ.மீ என்று எழுதியிருந்தால், லென்ஸின் நீளம் போக ஃபிகருக்கும் கண்ணாடிக்கும் நடுவே பத்துப் பதினைந்து செ.மீ மட்டுமே மிஞ்சலாம். அந்த இடைவெளியில்தான் விளக்கும் நுழையவேண்டும்.

இனி அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை. பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை எஃப் எண் தனியாகத் தீர்மானிப்பதில்லை. லென்ஸின் துளை எத்தனை மி.மீ அகலம், அது ஃபிகரோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது என்பதே தீர்மானிக்கிறது. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 50 மி.மீ லென்ஸில் எஃப்/8 என்றால் 6.25 மி.மீ துளை. அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 75 மி.மீ. நிஜ மனிதர்களுக்கான 85 மி.மீ எஃப்/1.2 லென்ஸின் துளைகூட 71 மி.மீ தான். அதாவது, ‘பத்திரமாக’ எஃப்/8 வைத்ததாக நினைக்கும்போதே, ஃபிகரின் உலகில் மிக அகலமாகத் திறந்த போர்ட்ரெய்ட் லென்ஸால் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூக்கு தெளிவாக இருந்து காது மங்கினால் அது பொம்மை என்று மூளை உடனே சொல்லிவிடுகிறது. நிஜ நகரக் காட்சியின் மேலும் கீழும் மங்கலாக்கினால் அது மாதிரி நகரம்போலத் தெரிகிறதே, அதற்கும் இதுவே காரணம்.

24 மி.மீ லென்ஸை எஃப்/16-இல் வைத்தால் துளை 1.5 மி.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் 18 மி.மீ. நிஜ உலகில் 50 மி.மீ லென்ஸை எஃப்/2.8-இல் திறந்தால் வரும் துளையும் அதே 18 மி.மீ. நம் கண் பழகிய மங்கல் அளவு அது. முகம், தோள், கை எல்லாம் தெளிவாக இருக்கும், பின்னணி மென்மையாக விலகும். எஃப்/16-இல் டிஃப்ராக்‌ஷனால் (சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) கூர்மை கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெளியிடும் படத்தில் அது கண்ணில் படுவதில்லை; எடிட்டிங்கில் லேசாக ஷார்ப்பனிங் கொடுத்தால் போதும். பெரிதாக அச்சிடுவதானால் எஃப்/11-இல் நிறுத்துங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப்/11, அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் எஃப்/8 இதற்கு ஈடு.

கைபேசியில் எடுப்பவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. முதன்மைக் கேமராவின் துளை பெரும்பாலும் மூன்று நான்கு மி.மீ தான் இருக்கும். ஃபிகரின் அளவுக்கு அது 50 மி.மீ எஃப்/8-ஐவிடப் பொருத்தமானது. செய்யவேண்டியது ஒன்றே: போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். அது செயற்கையாக மங்கலைக் கூட்டி, கிடைத்த நன்மையைக் கெடுத்துவிடும். வாள் நுனியையும் அங்கியின் ஓரத்தையும் சேர்த்து அழித்துவிடும்.

எக்ஸ்போஷரில், அதாவது எவ்வளவு ஒளி பதிவாகிறது என்பதில், மர்மம் எதுவும் இல்லை. மேனுவல் மோட், ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்வு) 100, டிரைபாட், இரண்டு நொடி டைமர், கேமரா பதப்படுத்தாத ரா கோப்பு. ஃபிகர் மூச்சுவிடுவதில்லை என்பதால் ஷட்டர் அரை நொடி ஆனாலும் கவலையில்லை. சிறிய எல்.இ.டி பேனலை அருகில் வைத்து எஃப்/16-இல் எடுத்தால் 1/15-க்கும் அரை நொடிக்கும் நடுவே எங்கோ வந்து நிற்கும். மெதுவான ஷட்டரில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்சார விளக்குகளில் பல, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறையும் 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் துடிக்கும். ஷட்டர் இதைவிட வேகமாக இருந்தால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் விழும், எலக்ட்ரானிக் ஷட்டரில் மிக மோசமாக. 1/50 அல்லது அதற்கு மெதுவாகப் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் மறைந்துவிடும். டிரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். சில கேமராக்களில் இல்லாத அசைவைத் தேடி அதுவே படத்தை ஆட்டிவிடும்.

கேமராவின் மீட்டர் எதையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைக் கவசம் அழுக்காகத் தெரியும். அங்கே மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்கு) கூட்டுங்கள். கறுப்பு உடை சாம்பல் பூத்துத் தெரியும்; அங்கே ஒரு ஸ்டாப் குறையுங்கள். சிவப்பு, நீல வண்ண விளக்கு போட்டிருந்தால் மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) நம்பவேண்டாம். அது சரியாகக் காட்டும்போதே சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி, உடையின் மடிப்பெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகியிருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

ஃபோகஸைக் கையால் செய்யுங்கள். லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். ஆட்டோஃபோகஸ் நீட்டிய முஷ்டியைத்தான் பிடிக்கும். தெளிவில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் என்று சொல்லும் விதி இவ்வளவு அருகில் செல்லாது. இங்கே கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. முகமும் நீட்டிய ஆயுதமும் இரண்டும் தெளிவாக வேண்டுமானால் நடுவே ஃபோகஸ் செய்வதைவிட, ஆயுதத்தைப் பக்கவாட்டில் திருப்பி சென்சாருக்கு இணையாகக் கொண்டுவருவது நல்லது.

ஃபோகஸ் ஸ்டாக்கிங்கும் ஒரு வழிதான். எஃப்/8-இல் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஆறு முதல் பத்துப் படங்கள் எடுத்து இணைக்கலாம். ஆனால் ஃபிகருக்கு மட்டும் ஸ்டாக் செய்யுங்கள். பின்னணிவரை எல்லாவற்றையும் கூர்மையாக்கினால் ஆழம் போய்விடும். தளர்ந்த இடுப்பு மூட்டு படங்களுக்கு நடுவே அரை மி.மீ சரிந்தாலும் இணைப்பில் இரட்டை விளிம்பு வரும். வாள்களைச் சுற்றி ஒளிவட்டம்போல ஒரு மங்கலும் தங்கும். ஒரே படத்தில் எஃப்/16 போதுமானால் நான் அதையே எடுப்பேன்.

ஒளி

இந்த வேலையில் பாதிக்கு மேல் ஒளிதான். பெரும்பாலான படங்கள் பொம்மையாகத் தெரிவதும் இங்கேதான். லைட் பாக்ஸ் என்று விற்கும் வெள்ளைப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அது நகைக்கும் கைக்கடிகாரத்துக்கும் சரி. நாலாபுறமும் ஒளி சூழ்ந்தால் நிழல் செத்துப்போகும், நிழல் இல்லாத உருவத்துக்கு எடை இராது. 30 செ.மீ சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) சின்னதுதானே என்று தோன்றும். ஃபிகருக்கு அது மூன்றரை மீட்டர் அகலம்.

நிஜ மனிதரின் போர்ட்ரெய்ட்டுக்கு 90 செ.மீ சாஃப்ட்பாக்ஸை ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் வைப்போம். வகுத்தால் ஏழெட்டு செ.மீ அகலமுள்ள விளக்கு, முகத்திலிருந்து பத்து செ.மீ தூரத்தில். உள்ளங்கை அளவு எல்.இ.டி பேனல் இதற்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கும். அதை வெறுமனே வைத்தால் ஒவ்வொரு எல்.இ.டி மணியும் ஒரு நிழல் போடும். தரையில் விழும் நிழலின் ஓரம் ரம்பப் பல்போல அடுக்கடுக்காகத் தெரியும். முன்னால் டிரேசிங் பேப்பர் ஒரு தாள் கட்டுங்கள். பேப்பரைப் பேனலோடு ஒட்டவைத்தால் புள்ளிகள் அப்படியே தெரியும். இரண்டு செ.மீ இடைவெளி விட்டால்தான் ஒளி கலந்து ஒரே பரப்பாகும்.

விளக்கை முகத்துக்கு எதிரே இவ்வளவு அருகில் வைத்தால் பாதத்துக்குப் போகும் ஒளி முகத்தில் விழுவதில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இது குறையல்ல. பார்வை தானாக முகத்துக்குப் போகும், பிளாஸ்டிக்காகத் தெரியும் கணுக்கால் மூட்டும் ஸ்டாண்டும் இருளில் அமுங்கும். சீராக வேண்டுமானால் 40 செ.மீ பின்னால் நகர்த்துங்கள். வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு சதவீதமாகிவிடும். ஆனால் தூரம் கூடினால் விளக்கு சிறிதாகி நிழல் கூர்மையாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

உயரத்தில் கவனம் தேவை. ஃபிகரின் முகம் இரண்டு செ.மீகூட இருக்காது, புருவ மேடு சற்றுத் துருத்திச் செதுக்கப்பட்டிருக்கும், கண்ணோ தட்டையாக அச்சிட்ட நிறம். மேலிருந்து 45 பாகையில் ஒளி விட்டால் கண் முழுக்க நிழலில் போய்விடும். முதலில் பக்கவாட்டில் 45 பாகைக்குத் திருப்பி, பிறகு கண்ணில் ஒளி விழும்வரை விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். தாடைக்குக் கீழே, ஃபிரேமுக்கு வெளியே, மூன்றுக்கு ஐந்து செ.மீ வெள்ளை அட்டை ஒன்று வைத்தால் கழுத்து நிழல் இளகும். மினுமினுக்கும் வார்னிஷ் கண்ணில் இருந்தால் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு புள்ளியாக விழும். அந்தப் புள்ளி கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். முகம் உயிர்பெறுவது அங்கே.

முகமூடி அணிந்த பாத்திரங்களுக்கு இதே கணக்கு வேண்டாம். காட்ட முகபாவம் இல்லாததால் வடிவம்தான் பேசவேண்டும். முதன்மை ஒளியைப் பக்கத்துக்கோ பின்னுக்கோ தள்ளிவிடலாம்.

பின்னாலிருந்து வந்து ஓரங்களைக் கோடிட்டுக் காட்டும் ரிம் லைட்டுக்கு டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் தாள்) வேண்டாம். சிறிய எல்.இ.டி ஒன்றை ஃபிகருக்குப் பின்னால் ஓரமாக, முதன்மை ஒளியைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக வையுங்கள். அந்த ஒளி நேராக லென்ஸில் பட்டால் படம் முழுக்கப் பால்போல வெளுக்கும். விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி மறையுங்கள்.

கறுப்பு உடைக்கு முன்னாலிருந்து ஒளியைக் கூட்டக்கூட அது சாம்பலாகுமே தவிர வடிவம் வராது. கறுப்பு மேற்பரப்பு தெரிவது பிரதிபலிப்பால். இருபுறமும் வெள்ளை அட்டையை நிறுத்தி, அதன்மேல் ஒளி விட்டால் தசையின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு ஓடும். குரோம் பூச்சுக்கும் இதே முறைதான், ஆனால் இன்னும் கண்டிப்பாக. அது தன் எதிரே இருப்பதையெல்லாம் காட்டும், கேமராவையும் சேர்த்து. கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு அதன் வழியாக எடுங்கள். குரோமில் எங்கே வெண்மை வேண்டுமோ அங்கே தெரியும்படி வெள்ளை அட்டையை நகர்த்துங்கள். போலரைசர் ஃபில்ட்டர் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் வைசரிலும் பளபளப்பான பெயின்ட்டிலும் பிரதிபலிப்பைக் குறைக்கும். உலோகப் பூச்சில் அதனால் பெரிய பயன் இல்லை.

பிவிசி தோலின் மினுமினுப்பைப் போக்க மேட் வார்னிஷ் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. சேகரிப்பு மதிப்புள்ள ஃபிகருக்கு அதைச் செய்யாதீர்கள். விளக்கைப் பத்து பாகை நகர்த்தினாலே பளபளப்பு இடம் மாறிவிடும். ஹாலஜன் விளக்குகளையும் அருகில் கொண்டுவர வேண்டாம், பத்து செ.மீ தூரத்தில் அந்தச் சூட்டுக்கு பிவிசி இளகும், வாள் வளையும்.

வொயிட் பேலன்ஸை (எது வெண்மை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் உடையின் நிறத்தைப் பார்த்து அது மனம் மாறும். ஃபிகர் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு சாம்பல் அட்டையை வைத்து ஒருமுறை அளந்து பூட்டிவிடுங்கள். விளக்கின் சி.ஆர்.ஐ எண் (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல் இருக்கட்டும், மலிவான எல்.இ.டியில் தோல் நிறம் பச்சை தட்டி உயிரற்றுப்போகும், எடிட்டிங்கில் அதை மீட்பது கடினம். இரவுக் காட்சிக்கு ஒரு வழி: கேமராவின் வொயிட் பேலன்ஸை 4300 கெல்வினில் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வைத்து, முன்னால் 3200 கெல்வின் விளக்கும் பின்னால் 5600 கெல்வின் விளக்கும் போடுங்கள். முகம் தீ வெளிச்சம் பட்டதுபோலச் சூடாகவும் ஓரங்கள் நிலா வெளிச்சம்போல நீலமாகவும் வரும். வண்ணத் தாள் எதுவும் தேவையில்லை.

வெளியே எடுப்பதானால் சூரியனைப்போலப் பொருத்தமான விளக்கு இல்லை. வானில் அதன் அகலம் அரைப் பாகை. நிழலின் மங்கலான ஓரம் தூரத்தின் விகிதத்திலேயே விரிவதால், சிறிய உருவத்துக்குச் சிறிய ஓரம் தானாக அமைந்துவிடுகிறது. உள்ளே அதே நிழல் வேண்டுமானால் ஒரு மீட்டர் தூரத்தில் 9 மி.மீ அகலமுள்ள ஒளிப்புள்ளி போதும். சிறிய டார்ச் ஒன்று அந்த வேலையைச் செய்யும்.

உயரம், அடிவானம், தூசி

நிஜ மனிதரின் கண்மட்டம் சுமார் 150 செ.மீ என்று வைத்தால், லென்ஸின் நடுப்பகுதி ஃபிகர் நிற்கும் தரையிலிருந்து 12.5 செ.மீ உயரத்தில் இருக்கவேண்டும். கம்பீரமாகக் காட்ட 4 செ.மீ வரை இறங்கலாம். கேமராவின் உடலே தடுக்கும் என்பதால் ஃபிகரை ஒரு மேடையில் ஏற்றி, மேசை விளிம்புக்கு வெளியே டிரைபாடை நிறுத்துவது எளிது. மேலிருந்து குனிந்து எடுத்த படம் எந்த ஒளியாலும் தேறாது.

பின்னணியாக அச்சிட்ட படத்தையோ கணினித் திரையையோ வைப்பவர்கள் அடிவானத்தைப் பாருங்கள். படத்தில் அடிவானக் கோடு எப்போதும் லென்ஸின் உயரத்தில் இருக்கும். லென்ஸ் ஃபிகரின் கண்மட்டத்தில் இருந்தால் பின்னணியின் அடிவானமும் கண் வழியாக ஓடவேண்டும். இடுப்பளவில் இருந்தால் இடுப்பு வழியாக. இது பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல பின்னணியும் ஒட்டியதாகவே தெரியும். திரையை ஃபிகரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அதன் பிக்சல் கட்டங்கள் அலை அலையாகப் படத்தில் விழும். உங்கள் விளக்கு திரையில் படாதபடி கறுப்பு அட்டை ஒன்றையும் நிறுத்துங்கள்.

தரையும் அளவைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மி.மீ மணல் துகள் ஃபிகருக்கு 12 மி.மீ ஜல்லி. மெல்லிய சல்லடையில் சலித்த மண்ணே வேண்டும். பனிக்குச் சமையல் சோடா நன்றாகப் பொருந்தும். தண்ணீர் கடினம்: மூன்று மி.மீ சொட்டு ஃபிகரின் முகத்தில் எலுமிச்சை அளவு தெரியும், அதைச் சிறிதாக்கும் வழி எளிதல்ல. மழைக் காட்சிக்கு உடம்பை நனைப்பதைவிட, பின்னால் ரிம் லைட் போட்டு மிக நுண்ணிய ஸ்பிரேயைக் காற்றில் விடுவது நம்பும்படி இருக்கும்.

மண் தெறிக்கும் காட்சிக்கு மட்டும் வேகமான ஷட்டர் அவசியம். 15 செ.மீ உயரத்திலிருந்து விழும் துகள் தரையைத் தொடும்போது நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/1000-இல் அது 1.7 மி.மீ கோடாக இழுபடும். 1/4000-இல் அரை மி.மீக்குள் அடங்கும். அவ்வளவு ஒளி பேனல் விளக்கில் கிடைக்காது. ஃபிளாஷை 1/32 சக்தியில் வைத்து அறையை இருட்டாக்குங்கள். சக்தி குறையக் குறைய ஃபிளாஷ் வெட்டும் நேரம் குறுகும் என்பதால் ஷட்டர் 1/200-இல் இருந்தாலும் துகள் உறைந்து நிற்கும்.

எடுக்குமுன் ஃபிகரை மேக்கப் பிரஷ்ஷால் துடையுங்கள். பக்க ஒளியில் தூசி ஒவ்வொன்றும் நூலிழைபோலத் தெரியும், பிறகு அதை எடிட்டிங்கில் அழிக்க ஒரு மாலை போய்விடும். எடுத்து முடித்ததும் சமையல் சோடாவையும் மண்ணையும் மூட்டுகளிலிருந்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டால் துகள் உள்ளே இறங்கி மூட்டைத் தேய்க்கும். பாதத்தின் கீழே ஒட்டும் புட்டி வைத்திருந்தால் அதையும் அன்றே எடுத்துவிடவேண்டும். நாள்பட்டால் பெயின்ட்டோடு சேர்ந்து வரும்.